அப்பாவின் காரை ஓட்டியது யார்?

1

இணையத்தில் எழுத வருகிற பலரும் ஒருமுறையாவது எழுதிப் பார்த்துவிடுகிற கட்டுரை ஒன்று உண்டு. அப்பாவின் வண்டியைப் பற்றிய கட்டுரை. சைக்கிள் மிதித்த அப்பா, டிவிஎஸ் 50-இல் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு போன அப்பா, புல்லட் வைத்திருந்த அப்பா. இந்த வரிசையின் மேல்படியில் நிற்பவர் கார் வைத்திருந்த அப்பா. திருப்பூர், கோவை பக்கத்துப் பனியன் கம்பெனி வீடுகளிலிருந்து எழுத வருகிறவர்களிடம் இந்தக் கடைசி வகை அதிகம். அந்தக் கார் பெரும்பாலும் இங்கிலாந்து வம்சாவளியாக இருக்கும். அம்பாசிடர், கான்டெஸா, அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்ட் 2000.

இந்த வகைக் கட்டுரைகளுக்கு ஒரு அச்சு இருக்கிறது. முதலில் நம்பர் பிளேட்டை மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்புறம் வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாசம், கையால் சுற்றி இறக்குகிற ஜன்னல் கண்ணாடி, டேஷ்போர்டில் முருகன், பழனிக்கோ ஊட்டிக்கோ போன ஒரு பயணம். நடுவில் கட்டாயம் ஒரு வரி வரும்: அப்பா காரில் போனாலும் கடைசிவரை வேட்டி சட்டைதான். முடிவில் காரை விற்ற நாள். அப்பா ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நமக்கும் தொண்டை அடைக்கும்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. இவற்றில் நல்ல கட்டுரைகளும் உண்டு. ஒரு பொருளின் வழியாக மனுஷனை நினைப்பது இலக்கியத்தின் பழைய வழிகளில் ஒன்று. ஆனால் வரிசையாகப் பத்துப் பதினைந்து கட்டுரைகளைப் படித்தால் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிக்கும். கார் ஓடுகிறது, வளைகிறது, மலை ஏறுகிறது. ஸ்டீயரிங்கில் யாருடைய கை இருந்தது என்று பெரும்பாலான கட்டுரைகள் சொல்வதே இல்லை. அப்பா ஓட்டியிருந்தால் அதற்கே ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள். ஒதுக்கவில்லை என்றால் ஓட்டியது டிரைவர். அவர் எங்கே போனார்?

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இந்த வகை எழுத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2

முதலில் காரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஊர்ப்பக்கம் பெரியவர்கள் காரை ‘பிளஷர்’ என்பார்கள். ‘பிளஷர்ல வந்து எறங்குனாங்க’ என்றால் அது வெறும் தகவல் இல்லை, ஒரு அந்தஸ்தின் அறிவிப்பு. பஸ் பிழைப்புக்கு, லாரி சரக்குக்கு, பிளஷர் சுகத்துக்கு. எதற்கும் பயன்படாமல் சும்மா போய்வர ஒரு வண்டி இருக்கிறது என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் வியப்பு.

அந்த பிளஷர் என்ன வண்டி? இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசை என்ற பெயரில் ஓடிய நடுத்தரக் குடும்பக் கார்தான் ஐம்பதுகளின் கடைசியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆனது. அங்கே சாதாரண மாதச் சம்பளக்காரர் ஓட்டிய வண்டி இங்கே மந்திரி வண்டி, மில் முதலாளி வண்டி. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அந்த உருவம் பெரிதாக மாறவில்லை. 1984-இல் வந்த கான்டெஸாவின் உடம்பு வாக்ஸ்ஹால் விக்டருடையது. அதன் மேல்கூட்டைக் கொண்டுவந்து, உள்ளே அம்பாசிடரில் ஓடிய அதே 1489 சிசி பழைய எஞ்சினை வைத்தார்கள். நீளமான மூக்கு, அகலமான சீட், ஆனால் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். பிறகுதான் இசுசு எஞ்சின் வந்து மானத்தைக் காப்பாற்றியது.

இவற்றில் கதை சொல்லத் தோதான வண்டி ஸ்டாண்டர்ட் 2000. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம், ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்த அதே நிறுவனம், 1985-இல் இறக்கிய கார். வெளித்தோற்றம் ரோவர் எஸ்டி1. அது பிரிட்டனில் அதிகாரிகளும் மந்திரிகளும் போன சொகுசு கார், 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. அங்கே அதன் 3500 மாடலில் இருந்தது 155 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சின். இங்கே வந்த வண்டியின் பானெட்டைத் திறந்தால் நாற்பதுகளின் கடைசியில் வேன்கார்ட் என்ற காருக்காகச் செய்த எஞ்சினின் வழிவந்த 1991 சிசி எஞ்சின், 83 குதிரைத்திறன். நம் சாலைகளுக்காக வண்டியைக் கொஞ்சம் தூக்கியும் விட்டிருந்தார்கள். விலை அதிகம், வேகம் குறைவு. மூன்றே வருஷத்தில், 1988 வாக்கில், கதை முடிந்தது.

இங்கே ஒரு சுவாரஸ்யம். அந்த வேன்கார்ட் எஞ்சினின் உடன்பிறப்புதான் பிரிட்டனில் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் ஓடியது. ஆக, லண்டன் துரையின் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் உழவு வண்டியின் ரத்தத்தோடு ஓடிய கார் அது. தோட்டத்தில் தண்ணீர் கட்டிவிட்டு வந்து பனியன் கம்பெனி ஆரம்பித்த ஒரு தலைமுறைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. ஆனால் நம் நினைவுக் கட்டுரைகளில் பானெட் திறப்பதே இல்லை. பெயிண்டின் நிறம் வரும், எஞ்சினின் கதை வராது.

இது நமக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. எஸ்டி1 பிரிட்டிஷ் லேலண்டில் உருவான காலம், வேலைநிறுத்தங்களும் தரக் குறைவுப் புகார்களுமாக அந்த நிறுவனம் தள்ளாடிய காலம். இன்று அங்கே அது ‘கிளாசிக்’. சண்டை போட்ட தொழிலாளியும் உரிந்த பெயிண்டும் நினைவிலிருந்து போய்விட்டன. வண்டலூரில் விற்காமல் கிடந்த எஸ்டி1 உதிரிபாகங்களை 2006-இல் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனது. அங்கிருக்கும் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களின் காரைப் பளபளப்பாக வைத்திருக்க நம் ஊர்த் தொழிற்சாலையின் மிச்சம் போயிருக்கிறது. ரோவர் என்ற பெயரே 2008-இல் ஜாகுவார் லேண்ட்ரோவரோடு டாடாவின் கைக்கு வந்துவிட்டது. 2024-இல் ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் டாடாவின் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்னும் முப்பது வருஷத்தில் வேறொரு பிள்ளை அதைப் பற்றியும் எழுதுவான்.

3

இனி பணத்துக்கு வருவோம்.

எண்பதுகளின் நடுவில் பத்து இருபது கோடி ரூபாய் அளவில் இருந்த திருப்பூரின் ஏற்றுமதி 1990-இல் ஏறத்தாழ 300 கோடியைத் தொட்டது. ஐந்தாறு வருஷத்தில் நடந்த இந்தப் பாய்ச்சலில் வந்தவைதான் பல வீடுகளின் முதல் கார்கள். வாங்கியவர்களில் கணிசமானவர்கள் பரம்பரைப் பணக்காரர்கள் இல்லை. சரத் சாரி 2004-இல் வெளியிட்ட ‘ஃபிரட்டர்னல் கேப்பிடல்’ என்ற ஆய்வு நூல் இதைத்தான் விரித்துப் பேசுகிறது. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, தொழிலாளியாகக் கம்பெனியில் வேலை செய்து, பிறகு முதலாளி ஆன கவுண்டர்கள் தங்கள் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று அவர் கேட்கிறார். பதில் ஒரே சொல்தான்: உழைப்பு. சாதி உறவு, சொந்தக்காரர் கொடுத்த கடன், தோட்டத்திலேயே ஆள் வைத்து வேலை வாங்கிய பழக்கம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

இப்போது அந்த வேட்டி சட்டை வரியைத் திரும்பப் பாருங்கள். ‘காரில் போனாலும் அப்பா எளிமையாகத்தான் இருந்தார்.’ இந்த வரி சும்மா வரவில்லை. உழைப்பின் கதைக்கு எளிய மனுஷன் வேண்டும். ஆனால் கார் ஆடம்பரம். இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துக்கொள்ள மகனுக்கு ஒரு சமாதானம் தேவைப்படுகிறது, அதை வேட்டி செய்து கொடுக்கிறது. கார் அப்பாவின் ஆசை இல்லை, உழைப்புக்குக் கிடைத்த கூலி என்று ஆகிவிடுகிறது. அப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே உழைத்திருப்பார். விடியற்காலை நான்கு மணிக்கு பட்டறைக்குப் போயிருப்பார். என் கேள்வி, அதே கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்திருந்தவருடைய உழைப்பு ஏன் சைக்கிளோடு நின்றுவிட்டது என்பது.

அந்தக் கட்டுரைகளில் 1984 என்றால் கான்டெஸா வந்த வருஷம். திருப்பூரில் 1984 என்றால் இன்னொன்றும் உண்டு. பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த வருஷம் அது. நூற்றியிருபத்தேழு நாள் சம்பளம் இல்லாத சனிக்கிழமைகளை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு வேலை காண்ட்ராக்டுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும் சிதறியது, பீஸ் ரேட் பரவியது. இந்த வருஷமும் கார் வந்த வருஷமும் ஒரே ஊரில், ஒரே தெருவில் நடந்தவை. சில வீடுகளில் ஒரே கணக்குப் புத்தகத்திலும் இருந்திருக்கும். அப்புறம் நொய்யல். 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காகக் கட்டியது, சாயத் தண்ணீர்த் தொட்டியாக ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. காரை விற்ற நாளின் சோகத்தை எழுதுகிறவர்கள் ஏன் விற்க வேண்டி வந்தது என்பதற்குள் போனால் இந்த ஆற்றங்கரைக்கும் சில பேர் வந்து சேர்வார்கள்.

திருப்பூரை எழுதிய புனைவுகள் இந்தப் பக்கத்தை விட்டுவைக்கவில்லை. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ சாயக் கழிவு நாசமாக்கிய ஊரை மையத்துக்குக் கொண்டுவந்தது. எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’ ஐந்து நண்பர்களின் வாழ்க்கை வழியாகப் பனியன் தொழிலின் ஏற்ற இறக்கத்தைச் சொன்னது. இந்த இரண்டையும் படித்துவிட்டு நினைவுக் கட்டுரைகளுக்கு வந்தால் வேறு ஊருக்கு வந்துவிட்டது போல இருக்கும். அங்கே ஊர் முழுக்க ஆட்கள், இங்கே ஒரு காரும் ஒரு அப்பாவும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. எண்பதுகளின் தமிழ் சினிமாவை நினைத்துப் பாருங்கள். கான்டெஸாவின் கதவு திறந்தால் இறங்குகிறவன் வில்லன் என்று டிக்கெட் கிழிக்கிறவருக்கும் தெரியும். தொழிலாளர் பக்கம் நிற்கும் பல சிறுகதைகளிலும் முதலாளியின் கார் சேறு அடித்துவிட்டுப் போவதற்கு மட்டுமே வரும். உள்ளே யாராவது அழுதுகொண்டிருக்கலாம் என்ற சந்தேகம்கூட வராது. இத்தனைக்கும் கார் ஒன்றுதான். உள்ளே இருந்து பார்த்தால் அப்பா, வெளியே இருந்து பார்த்தால் வில்லன். இரண்டு பார்வையும் ஒரே பக்கத்தில் சந்திக்கிற எழுத்துதான் நம்மிடம் குறைச்சல்.

4

அப்படி ஒரு எழுத்து முடியுமா என்றால், முடியும். ஓரான் பாமுக்கின் ‘மியூசியம் ஆஃப் இன்னசென்ஸ்’ நாவலில் ஒரு கார் வருகிறது. 56 மாடல் ஷெவ்ரோலே. கதை சொல்லும் கெமாலின் அப்பாவுடையது. கெமாலின் குடும்பம் இஸ்தான்புல் பணக்காரக் குடும்பம், துணி வியாபாரத்தில் மேலே வந்தவர்கள். குடும்பப் பெயரான பஸ்மஜியே அச்சடித்த துணி விற்பவர் என்று பொருள்படும் சொல். திருப்பூர்க்காரருக்கு அறிமுகமே தேவைப்படாத வீடு.

பழைய பொருட்கள் மேல் பைத்தியமான ஒருவன் சொல்லும் கதை அது. இதைவிட ஏக்கம் ததும்பும் நாவலைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் அந்த ஷெவ்ரோலேயில் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார். சேத்தின் எஃபெந்தி, டிரைவர். அவருக்குப் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. கெமால் வருஷக்கணக்கில் இரவு இரவாகக் காதலி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கீழே காரோடு ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது வாசகனுக்கு மறக்காது. கெமால் தன் வர்க்கத்தின் குருட்டுத்தனத்தோடுதான் பேசுகிறான். பாமுக் அவனைத் திருத்தவில்லை, தண்டிக்கவும் இல்லை. கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரியும்படி விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். கெமால் பார்க்காததை நாம் பார்த்துவிடுகிறோம்.

இன்னொன்று, ஃப்யூசுன். அவள் அந்தக் காரில் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், லைசென்ஸ் வாங்க அலைகிறாள். ஒரு பெண்ணின் கை ஸ்டீயரிங்குக்கு வரும்போது நாவல் முழுக்க அழகாகப் பாதுகாத்துவந்த அந்தப் பொருள் என்ன ஆகிறது என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள், படிக்காதவர்களுக்கு நான் கெடுக்கவில்லை. நம் கட்டுரைகளில் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார்? பின் சீட்டில், மடியில் சாப்பாட்டுக் கூடையோடு. அக்காவுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்களா? தம்பிக்குப் பதினாறு வயதிலேயே சாவி கிடைத்திருக்கும். ‘அப்பாவின் கார்’ கட்டுரைகளைப் பெரும்பாலும் மகன்களே எழுதுவது தற்செயல் இல்லை.

5

இந்த இடத்தில் ஒரு எதிர்ப்பு நியாயமாக வரும். ‘ஒரு குழந்தையின் நினைவுக்குள் எதுக்குங்க வேலைநிறுத்தத்தையும் சாயத் தண்ணியையும் திணிக்கிறீங்க? குழந்தைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?’

சரி, குழந்தைக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதுவே போதும். பின் சீட்டில் உட்கார்ந்த குழந்தையின் கண்ணுக்கு நேராக இருந்தது என்ன? டிரைவரின் பிடரி. அவர் சட்டைக் காலரில் மடித்து வைத்த கைக்குட்டை, அவருடைய பீடி வாசம், கியர் மாற்றும்போது முழங்கை அசைகிற விதம். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது அவர். ஸ்கூல் விட்டதும் கேட்டில் நின்றது அவர். காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் தூக்கிக்கொண்டு ஓடியது அவர். அப்பா அந்நேரம் கம்பெனியில் இருந்தார், பையருக்கு ஷிப்மெண்ட் போயாக வேண்டும். உழைப்பின் கதை உண்மை என்றால் அப்பா வீட்டிலேயே இருந்திருக்க முடியாது. அப்படியென்றால் அந்தக் காரில் பிள்ளையோடு அதிக நேரம் கழித்தவர் அப்பா இல்லை.

இந்தக் கட்டுரைகளின் உண்மையான சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். வர்க்கம், அரசியல் எல்லாம் அப்புறம். அந்த ரெக்சின் வாசத்தோடு பொங்கி வருகிற பிரியத்தில் ஒரு பகுதி ‘ஏங் கண்ணு, பசிக்குதா?’ என்று கேட்டவருக்குச் சேர வேண்டியது. எழுதும்போது அது முழுக்க ஆர்சி புக்கில் பெயர் இருந்தவருக்குப் போய்விடுகிறது. சம்பளத்தில் நடந்ததுதான் நினைவிலும் நடக்கிறது. டிரைவரைச் சேர்த்தால் அப்பா குறைந்துவிடுவார் என்று பயப்படத் தேவையில்லை. வீட்டில் இல்லாத அப்பா, பிள்ளையின் பள்ளிக்கூடப் பெயரையே டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அப்பா, எல்லாம் தெரிந்த எளிய அப்பாவைவிட ஆயிரம் மடங்கு நிஜமானவர். அவர்தான் இலக்கியத்துக்கு வேண்டியவர்.

கொங்குப் பகுதியின் கார் பிரியத்துக்கு மூல புருஷர் என்று ஒருவரைச் சொன்னால் அது ஜி.டி. நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸோடு தொழில் ஆரம்பித்தவர். அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர் சுற்றுவதற்கு முன்னால் நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார். இன்று அவிநாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியத்துக்குப் போகிறவர்கள் பளபளவென்று நிற்கும் பழைய கார்களின் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும், அழகான வண்டிகள்தான். அந்தக் குடும்பத்தின் கார் கதை கழற்றிப் பார்ப்பதில்தான் ஆரம்பித்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இங்கிலீஷ் வண்டியின் மேல் அவருக்கு இருந்த மயக்கம் பானெட்டுக்கு வெளியே நின்றுவிடவில்லை.

எழுதப்போகிறவர்களுக்குச் சில கேள்விகள். பழனியில் நீங்கள் எல்லோரும் ஹோட்டலில் சாப்பிட்டபோது டிரைவர் எந்த மேசையில் சாப்பிட்டார்? சாப்பிட்டாரா? அவரை நீங்கள் அண்ணா என்று கூப்பிட்டீர்களா, பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களா? பெயர் சொன்னீர்கள் என்றால் அவருக்கு அப்போது என்ன வயது? காரை விற்றபோது அவருக்கு வேறு வேலை கிடைத்ததா? இவற்றுக்குப் பதில் தெரியாது என்றால் அதையே எழுதலாம். நம்பர் பிளேட் மனப்பாடமாகத் தெரிகிற ஒருவருக்கு அவருடைய முழுப்பெயர் தெரியவில்லை என்பது ஒரு கட்டுரைக்குப் போதுமான விஷயம்.

நான் காத்திருப்பது வேறொரு கட்டுரைக்கு. எண்பதுகளில் அந்தக் கார்களை ஓட்டியவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் சிலர் இப்போது நன்றாக எழுதுகிறார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து போய் அடுத்தவர் வீட்டு வாசலில் கார் கழுவிய அப்பா, அதன் ஒவ்வொரு சத்தமும் தெரிந்த அப்பா, எந்த மேட்டில் எந்த கியர் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய அப்பா. முதலாளி வெளியூர் போன ஒருநாள் தெருவழியே ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டு முன்னால் இரண்டு நிமிஷம் நிறுத்தி, பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, சீட்டில் கால் தடம் படாமல் இறக்கிவிட்ட அப்பா. அந்தப் பிள்ளை எழுதினாலும் தலைப்பு ‘அப்பாவின் கார்’ என்றுதான் இருக்கும். தப்பு ஒன்றும் இல்லை. ஆர்சி புக்கில மட்டும் பேர் வேற இருக்கும்.